திறந்து வைத்த வசவுகள்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன ரிசர்ச் பண்றீங்க?" என்று கேட்டால், "சமூக மொழியியல்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடைப்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால் நிற்காது. நான் ஆராய்வது வசவுகளை. மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படித் திட்டிக்கொள்கிறார்கள் என்பதை.

இதைக் கேட்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்றவர்கள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க, நீங்க அவங்களைப் பார்த்தே ஆகணும்" என்று ஆரம்பிப்பார்கள். ஆகவே என் ஆராய்ச்சிக்கு ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

பெங்களூரில் இந்த வேலைக்குக் கூடுதல் ருசி உண்டு. கன்டோன்மென்ட்டைச் சுற்றித் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோபத்தை ஒரே மொழிக்குள் அடக்குவதில்லை. தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வேகம் பிடித்து, உருதுவில் ஓங்கி ஒன்று போட்டுவிட்டு, இங்கிலீஷில் கதவைச் சாத்துவார்கள். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு மொழியையும் தனித்தனிப் பாத்திரத்தில் மூடி வைத்திருப்பவர்கள், கோபம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கலவைக்கு ஏதாவது இலக்கணம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அல்சூரிலும் அடுகோடியிலும் வீடு வீடாகப் போய், கொடுத்த காபியைக் குடித்து, போனை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்தேன். கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் இந்தத் திட்டுகளோடுதான் குடித்தனம்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த நல்கை அமைப்பு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சேர்த்ததையெல்லாம் ஒழுங்குபடுத்தி, வேறு ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் திறந்து வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் பயிற்சிக்கும் போக வேண்டும். 'மானுடப்புல ஆய்வாளர்களுக்கான திறந்த அறிவியல், ஆய்வுத் தரவு மேலாண்மைப் பயிற்சி' என்று அழைப்பில் இருந்தது. படித்து முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பயிற்சியாளர் ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். இயற்பியல் படித்துவிட்டு, எப்படியோ தரவுகளைக் காப்பாற்றும் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். அந்த ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் தினம் ஊறி வருவதாலோ என்னவோ, எதற்கும் பதறாத முகம் அவருக்கு. முதல் காரியமாக, ஒவ்வொருவரும் தங்களிடம் உள்ள தரவு என்ன என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்றார்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும், வருமான வரிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி, தங்களிடம் ஒன்றுமே இல்லை என்று சாதித்தார்கள். "என்கிட்ட டேட்டா கிடையாது, கேள்விகள்தான் இருக்கு" என்றார் ஒரு தத்துவப் பேராசிரியர். "நாங்க புஸ்தகம் படிக்கிறோம், அவ்வளவுதான்" என்றார் இலக்கியத்துறை அம்மா ஒருவர். என் முறை வந்தது. "வசவுகள். ஒலிப்பதிவா இருக்கு" என்றேன். பயிற்சியாளர் அப்போதும் பதறவில்லை. "என்ன ஃபார்மட்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எங்களை ஜோடி ஜோடியாக உட்காரச் சொன்னார். "உங்க டேட்டாவைப் பக்கத்துல இருக்கறவங்க கையில கொடுங்க. நீங்க பக்கத்துல நின்னு விளக்காம அவங்களுக்குப் புரியணும். புரியலைன்னா அது டேட்டா இல்ல, குப்பை."

என்னோடு ஜோடி சேர யாரும் முன்வரவில்லை. கடைசியில், தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை முடித்துவிட்டு நிதானமாக ஒருவர் எழுந்து வந்தார். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார். நல்ல பாரியான உடம்பு, சின்னக் கண்கள்.

"ஊரார் பாவத்தையெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல கேக்குற ஆளு மேடம் நான்" என்றார் நாற்காலியில் அமர்ந்தபடி. "என்கிட்ட தைரியமா கொடுங்க."

அவருடைய தரவு, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் போனில் எடுத்த படங்கள். திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் பதிவேடு, அடுத்தது திருவிழாவுக்கு வெந்துகொண்டிருக்கும் பிரியாணி தேக்சா, அடுத்தது பதிவேடு, அடுத்தது தேக்சாவைத் திறந்தபின்.

"எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆச்சு, எது பிரியாணியில வெந்துச்சுன்னு கம்ப்யூட்டருக்குக் குழம்பிடும் ஃபாதர்" என்றேன்.

"உங்களுது மட்டும் என்ன வாழுதாம்?" என்று என் கோப்புகளின் பெயர்களை உரக்கப் படித்தார். "'டீ கொடுத்த அம்மா.' 'நாய் குரைக்குது.' 'நல்லா இருக்கு.' 'ரொம்ப நல்லா இருக்கு.' 'ஐயோ.'" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மொதல்ல 'ஐயோ'வைக் கேக்குறேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் ஏறியது. இறங்கியது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கழற்றிவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் எனக்குப் புதுசு இல்ல மேடம். ஆனா பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து இவ்ளோ சந்தோஷமா யாரும் சொல்ல மாட்டாங்க."

அடுத்த வேலை, ஒவ்வொரு பதிவுக்கும் விவரக் குறிப்பு எழுதுவது. "மெட்டாடேட்டான்னா டேட்டாவைப் பத்தின டேட்டா" என்றார் பயிற்சியாளர். "அதாவது வம்பைப் பத்தின வம்பு" என்று ஃபாதர் உடனே மொழிபெயர்த்தார். யார் பேசியது என்ற பெயர் வேண்டாம். எந்த மொழி, யாரை நோக்கி, என்ன காரணம் என்று இருந்தால் போதும். ஃபாதர் இந்த வேலையில் இறங்கியதும், ஏதோ அவருக்காகவே அது காத்திருந்தது போலிருந்தது. காரணம்: தண்ணீர். காரணம்: பார்க்கிங். காரணம்: மாப்பிள்ளை வீட்டார். காரணம்: காரணமே இல்லை, காலை நேரம். லாயக்கில்லாதவன் என்று பொருள்படும் 'நாலாயக்' என்பதை உருது என்று போடுவதா, இந்தத் தெருவில் இத்தனை காலம் புழங்கிவிட்டதால் தமிழ் என்றே போடுவதா என்று என்னோடு சண்டை பிடித்தார். "மூணு தலைமுறையா வாடகை கொடுத்துட்டிருக்கு மேடம், சொந்தம்னே போட்டுடுங்க" என்றார்.

பயிற்சியாளர் எங்கள் மேஜைக்கு வந்து என் கோப்புகளைப் பார்த்தார். பெயர்கள் வந்த இடங்களை எல்லாம் வெட்டி எடுத்திருந்தேன். தெரு, வீடு எதுவும் இல்லை. பேசியவர்கள் எல்லாம் பேச்சாளர் ஒன்று, பேச்சாளர் இரண்டு என்று எண்களாகியிருந்தார்கள்.

"க்ளீனா பண்ணியிருக்கீங்க மேடம். இதை வெச்சு யாரு என்னன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி பாராட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் ஃபாதர் ஹெட்போனை உருவினார். அது கணினியிலிருந்தே கழன்றுவிட, பேச்சாளர் ஏழின் குரல் அறை முழுக்கக் கேட்டது:

"அவ கட்டுற வீட்டுக்குக் காவேரித் தண்ணி கனெக்‌ஷனே வரக் கூடாது. டேங்கர்தான் வரணும். அந்த டேங்கரும் சந்துல திரும்ப முடியாம ரிவர்ஸ்லயே போயிடணும். ஆ...மென்."

அந்த ஆமென், சாதாரண ஆமென் இல்லை. மேலே ஏறி, ஒரு நெளிவு நெளிந்து, படியிறங்கி வந்து நிற்கும்.

"இந்த ஆமெனை எனக்குத் தெரியும்" என்றார் ஃபாதர். "ஞாயித்துக்கிழமை நான் பூசை வைக்கிற கோயில்ல, இதைக் கேட்டுத்தான் நான் அடுத்த ஜெபத்துக்கே போறேன். இது எங்க பாடகர் குழு டீச்சர்!"

அடுத்து என்ன வரப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மவுஸை நோக்கிப் பாய்ந்தேன். ஃபாதருடைய கை அதன்மேல் இருந்தது. சின்னக் கை இல்லை அது.

"கோயிலுக்கு வர்றாரே அந்தச் சாமி," என்று தொடர்ந்தார் பேச்சாளர் ஏழு, "அவர் பிரசங்கம் ஆரம்பிச்சா, ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வந்து பார்த்தாலும் மொதல் பாயின்ட்லயேதான் நிப்பார். ஒரு வாட்ச் வாங்கிக் குடுக்கலாம்னா, அவர் கையில ஏறினதும் அதுவும் நின்னுடும். ஆ...மென்."

தத்துவப் பேராசிரியர் மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஃபாதர் மேஜைமேல் கையூன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு மேஜை மெல்ல ஆடத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அல்சூர் ஏரியை ஒரு சுத்தா? அவங்களுக்கு மூட்டுவலி. ரொம்ப மெதுவா நடப்பாங்க" என்றார்.

எதற்கும் பதறாத பயிற்சியாளர் இப்போது பதறினார். "சிரிக்காதீங்க ஃபாதர், இது சீரியஸ். யாருன்னு வெளியில தெரிஞ்சிடுச்சு. மேடம், நீங்க அவங்களைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லியே ஆகணும். பதிவை வெச்சுக்கலாமா, அழிச்சிடணுமான்னு மறுபடியும் கேக்கணும். அதுதான் முறை."

முறைதான். ஆனால் போய் எப்படிச் சொல்வது? 'டீச்சர், நீங்கள் யாரைத் திட்டினீர்களோ அவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டார்' என்றா?

"நானும் வரேன்" என்றார் ஃபாதர் ஆசையாக.

"நீங்க வந்தா அது ஒப்புதல் வாங்குறது இல்ல ஃபாதர், பாவமன்னிப்பு. தயவுசெஞ்சு இங்கயே இருங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அல்சூருக்குப் போனேன். மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கும்போது, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டில் டீச்சரும் அவர் கணவரும்தான். பாடகர் குழுவில் இருக்கும் இந்த டீச்சர், பள்ளியில் கணக்கு நடத்தி ரிட்டயரானவர். பள்ளிக்கூடத்தை விட்டாலும் குரலை விடவில்லை. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே, "என்ன, ஃபெயிலாயிட்டியா?" என்று கேட்டார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் வெளியே தெரியாதபடிதான் வைத்திருந்தோம் என்றும், ஆமென் காட்டிக்கொடுத்துவிட்டது என்றும், கேட்டது யார் என்றும். சொல்லிமுடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னையும் இனி ரிவர்ஸில் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"கேட்டுட்டு என்ன பண்ணார்?"

"சிரிச்சார் டீச்சர்."

"சிரிச்சது இருக்கட்டும். பிரசங்கத்தைச் சுருக்குறேன்னு சொன்னாரா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"சொல்ல மாட்டார். ஜாஸ்தி பேசுறவங்களுக்குத் தேவையானது மட்டும் வாயில வராது." அந்த விஷயத்தை அதோடு முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அது கெடக்கட்டும். எனக்கு என்ன பேர் வெச்சிருக்கேன்னு சொன்னே?"

"பேர் இல்ல டீச்சர். பேச்சாளர் ஏழு."

"ஏழா?" குரல் உயர்ந்தது. "நாப்பது வருஷமா இந்தத் தெருவுல எனக்கு எதிர்ல ஒருத்தர் வாய் திறந்ததில்ல. நான் ஏழாவதா?"

"அது ரேங்க் இல்ல டீச்சர், சும்மா நான் போய்ப் பார்த்த வரிசை..."

"அப்ப ஒண்ணு யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது டீச்சர். ரகசியம் காக்கணும்."

"அடுகோடிக்காரிதானே?"

அடுகோடிக்காரி என்பது அவருடைய நாத்தனார், கணவருடைய தங்கை. டேங்கர் ரிவர்ஸில் போக வேண்டிய வீடு அவருடையதுதான். பேச்சாளர் ஒன்றும் அவர்தான். நான் வாயைத் திறக்கவே இல்லை, சத்தியமாக. ஆனால் கணக்கு டீச்சர்கள் முகத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடிக்கிறவர்கள். "நெனச்சேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம் வந்தது. இரண்டாவது ரகசியமும் போயிற்று என்று நான் நொந்துகொண்டிருக்கும்போது, டீயோடு திரும்பி வந்தார். கூடவே நிபந்தனைகளும் வந்தன.

முதலில், எண் கூடாது. முழுப் பெயர், இனிஷியலோடு. "நானே யோசிச்சு யோசிச்சுத் திட்டினதும்மா. ஊர்ல எவளோ சொன்னதுன்னு போகணுமா?" பழைய பதிவு வேண்டாம், அன்றைக்குச் சளி பிடித்திருந்ததால் குரல் எடுக்கவில்லை, புதிதாக எடுக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்துவிடலாம், ஆனால் உடனே இல்லை.

"அவ பையனுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருக்கா. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். எனக்கு அவ பட்டுப்புடவை எடுத்து வெச்சுக் கொடுக்கணும். அது கைக்கு வர்ற வரைக்கும் மூடி வை. வந்ததும் திறந்துக்கோ."

இதைத்தான் எங்கள் பயிற்சியில், ஒரு குறிப்பிட்ட காலம்வரை மூடி வைத்துப் பிறகு திறக்கும் தடைக்காலம் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எங்களில் பாதிப்பேருக்கு அது ஏன் என்று புரியவில்லை.

நான் இதை வகுப்பில் சொன்னபோது பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "சிஸ்டத்துல தேதிதான் மேடம் போட முடியும். 'புடவை வந்ததும்'னு போட இடமில்ல." பெயர் விஷயத்திலும் முதலில் முரண்டு பிடித்தார். பெயரை மறைப்பதற்குத்தான் இத்தனை பயிற்சியும். பிறகு வழிகாட்டி நெறிகளை எடுத்துவைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் படித்தார். தட்டிலிருந்த பிசிபேளாபாத் ஆறிப்போனது. நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. "எல்லா விளைவையும் தெரிஞ்சுகிட்டு, அவங்களா கேட்டா பேர் போடலாம். போடாட்டிதான் தப்பு. அது அவங்க உரிமை." கொஞ்சம் தயங்கி, "ரெக்கார்டிங்குக்கு நானும் வரலாமா? என்கிட்ட நல்ல மைக் இருக்கு" என்றார்.

உள்ளதைச் சொன்னால், அவர் வருவது எனக்கு முழு மனதாகப் பிடிக்கவில்லை. இத்தனை காலமாக டீச்சரின் வசவுகள் எனக்கு மட்டும் கிடைத்தவையாக இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நான் மட்டும் போட்டுக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது ஃபாதர் கேட்கிறார், பயிற்சியாளர் வருகிறார், நாளைக்கு உலகமே கேட்கும். எங்கள் துறைக்காரர்கள் தரவே இல்லை என்று சாதிப்பது கூச்சத்தால் மட்டும் இல்லை, இந்தப் பொறாமையாலும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் சரி என்றேன்.

சனிக்கிழமை நானும் பயிற்சியாளரும் போனோம். டீச்சர் கஞ்சி போட்ட காட்டன் புடவையில், மல்லிப்பூ வைத்து, திருமண நாள் போட்டோவுக்கு நிற்பதுபோல் தயாராக இருந்தார். கணவர் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஏரிப்பக்கம் ஒரு நடை போய்வருவதாகக் கிளம்பிவிட்டார். அனுபவஸ்தர். பயிற்சியாளர் மைக்கை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, "ரெடி மேடம், ஆரம்பிக்கலாம்" என்றார்.

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். "வரலையே" என்றார்.

"என்ன டீச்சர்?"

"சும்னே, சும்மா காத்தைப் பார்த்துத் திட்டுறதுக்கு நான் என்ன லூஸா? எதிர்ல ஆள் வேணும்மா. தப்பு பண்ண மூஞ்சியா ஒண்ணு வேணும்."

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். பாவம் அந்த மனிதர், ஆய்வின் நலன் கருதி நாற்காலியைத் தூக்கி டீச்சருக்கு எதிரில் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். "ஏன்டா, செத்து மிதக்குற ஏரி மீன் மாதிரி முழிக்கிற?" என்று தொடங்கியது. பழைய பேப்பர்காரன்கூட எடைக்கு எடுக்காத மூஞ்சி என்றார். நீ ஏறுற பஸ் எல்லாம் டிப்போவுக்கே திரும்பிப் போகணும் என்றார். கன்னடத்தில் பேவர்ஸி என்றார், உருதுவில் பேகூஃப் என்றார், பயிற்சியாளர் தலைமுடி வாரியிருந்த விதத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த ஆமென். பயிற்சியாளர் நெளியக்கூட இல்லை. கையை மட்டும் உயர்த்தி, "மேடம், கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க. சவுண்ட் லெவல் சிவப்புக்குப் போகுது" என்றார்.

"சிவப்புக்குத்தான்டா போகணும்!" என்றார் டீச்சர். அடுத்து நாத்தனார் பகுதிக்கு வந்தார். எதிரில் இருந்தவர் இப்போது அடுகோடிக்காரியாக மாறினார். வீடு, தண்ணீர், டேங்கர். முன்பைவிடப் பிரமாதம். இந்த முறை டேங்கர் ரிவர்ஸில் போகும்போது புது கேட்டையும் இடித்துவிட்டுப் போயிற்று.

"ஆ...மென்" என்று டீச்சர் இறங்கி நின்றபோது, வாசலில் யாரோ கை தட்டினார்கள்.

திறந்திருந்த கதவில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஒரு கையில் கல்யாணப் பத்திரிகைகள், இன்னொரு கையில் பட்டுப்புடவைக் கடைப் பை. எனக்கு அவரைத் தெரியும். அடுகோடியில் எனக்கு வடையும் காபியும் கொடுத்த பேச்சாளர் ஒன்று.

"நல்லா இருக்கு அண்ணி" என்றார். "மாடிப்படி ஏறும்போதே கேட்டுச்சு. என் கேட்டை ஏன் இடிச்சீங்க? நேத்துதானே பெயின்ட் அடிச்சேன்."

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த கருவியின் சிவப்பு விளக்கைக் கண்ணால் காட்டினார். ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. நான் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். "ஆன்ட்டி, ரெக்கார்டிங் ஓடுது, உங்களுக்குச் சம்மதம்னா..."

"சம்மதம், சம்மதம். கையெழுத்து அப்புறம் போடுறேன், நீ கொஞ்சம் தள்ளும்மா, அண்ணி முகம் தெரியல" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அண்ணி' இருந்தது. மரியாதை ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. கணக்குல நீங்க பெயிலாக்கின பசங்க எல்லாம் கோடீஸ்வரனாயிட்டாங்க அண்ணி, பாஸ் பண்ண ஒரே ஆளு எங்கண்ணன்தான், அவர் கதியைப் பாருங்க அண்ணி. உங்க ஆமெனைக் கேட்டுதான் அண்ணி, கோயில் மணிக்கூண்டுல புறா கூடு கட்டுறதில்ல. டீச்சர் "ஏன்டி, ஏன்டி" என்று குறுக்கே பாய்ந்தார். கன்னடத்தில் ஒன்று போனது, உருதுவில் ஒன்று திரும்பி வந்தது. நான் இத்தனை காலம் தேடிய இலக்கணம் என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது: ஒருவர் மொழி மாறினால் மற்றவரும் உடனே அந்த மொழிக்கு மாறி, அதிலேயே பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மொழிக்குத் தாவினார். தனியாக உட்கார்ந்து திட்டிய பதிவுகளில் இது ஒருநாளும் தெரிந்ததில்லை. குறிப்பெடுக்கக் கை வரவில்லை எனக்கு.

கடைசியில் மூச்சு வாங்கி இரண்டு பேரும் நின்றார்கள். நாத்தனார் பையிலிருந்து புடவையை எடுத்தார். கரும்பச்சை, சரிகை பார்டர்.

"இந்தாங்க அண்ணி. இந்தக் கலர் உங்களுக்கு ஒத்து வராதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

டீச்சர் அதை விரித்து, பார்டரைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வருஷம் பூரா தேடியிருப்பே, இவ்ளோ மட்டமா ஒண்ணு கிடைக்க" என்றார். பிறகு, "உக்காரு. டீ போடுறேன். சர்க்கரை உனக்குக் கிடையாது, உனக்குத்தான் உடம்புல இருக்கே" என்று உள்ளே போனார். நாத்தனார் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, படிவத்தை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்து, முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தடைக்காலம் முடிஞ்சிடுச்சு மேடம்" என்று என் காதில் சொன்னார் பயிற்சியாளர். "இன்னைக்குத் தேதியே போட்டுடலாம்."

பயிற்சி முடியும் நாளில் அந்தப் பதிவைத்தான் எங்கள் ஜோடி வகுப்பில் முன்வைத்தது. தத்துவப் பேராசிரியர் இரண்டுமுறை போடச் சொன்னார். அன்றைக்கே, தன் வீட்டில் இத்தனை வருடத்து வகுப்புரைகள் கேசட்டுகளில் கிடப்பதாகவும், அது தரவில் சேருமா என்றும் பயிற்சியாளரைத் தனியாக ஓரமாக அழைத்துக் கேட்டார். ஃபாதர், பழைய பதிவில் இருந்த தன்னைப் பற்றிய வசவுக்கும் டீச்சரிடம் தனியாக அனுமதி வாங்கிவந்து, விவரக் குறிப்பைத் தானே எழுதினார். காரணம்: பிரசங்கம், நீளம். யாரை நோக்கி: இந்தக் குறிப்பை எழுதுபவரை.

தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. ஒன்று, ஏழு என்ற எண்கள் போய், இரண்டு பெண்களின் பெயர்களும் இனிஷியலோடு இருக்கின்றன. யார் பெயர் முதலில் என்ற தகராறு வந்து, அகர வரிசை என்று பயிற்சியாளர் தீர்த்துவைத்தார். அதில் தோற்றவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

சில வாரம் கழித்து, வெளிநாட்டில் மொழியியல் படிக்கும் ஒருவர் எனக்கு எழுதினார். பதிவில் ஓர் இடத்தில் டீச்சர் தன் நாத்தனாரைச் 'சித்ரான்ன வாய்' என்கிறாரே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. டீச்சருக்குப் போன் செய்தேன். எலுமிச்சம் சாதத்தில் கடலை, பருப்பு, மிளகாய் எல்லாம் கலந்து கிடப்பதுபோல், கேட்டதையெல்லாம் கலந்து ஊருக்குப் பரப்புகிற வாய் என்றார். அருகில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். போன் கைமாறியது.

"அதெல்லாம் இல்லம்மா" என்றது அடுகோடிக் குரல். "எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி சுருக்குனு இருக்கும்னு அர்த்தம். அண்ணிக்கு என் பேச்சு அப்படி ஏறுது, அதனாலதான் சொன்னாங்க. அது பாராட்டு. அப்படியே எழுதிக்கோ."

"பாராட்டா? குடுடி போனை!"

அதற்குப்பின் என்னிடம் யாரும் பேசவில்லை. போன் மட்டும் அணைக்கப்படாமல், மேஜைமேல் எங்கேயோ கிடந்தது. நான் காதிலிருந்து எடுக்காமல், கையில் கிடைத்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு பொருளையும் எழுதிக்கொண்டேன். மாணவருக்கும் அப்படியே இரண்டையும் அனுப்பினேன்.